அப்பாவின் பெயரை முழுதாக எழுதியவர்

2024 டிசம்பர் 20, வெள்ளிக்கிழமை. முல்லைத்தீவுக் கடலில் முதல்நாள் கண்ட படகைக் கடற்படை திருகோணமலைக்குக் கொண்டுவந்து, அஷ்ரப் இறங்குதுறையில் ஆட்களை இறக்கியதாக மத்தியானமே ஊருக்குள் கதை வந்துவிட்டது. மியன்மாரிலிருந்து வந்த ரோஹிங்கியா மக்கள். நூறு பேருக்கு மேல், அதில் இருபதுக்கும் அதிகமானோர் குழந்தைகள். அன்றிரவு நகரிலுள்ள பள்ளிக்கூடமொன்றில் அவர்களைத் தங்க வைத்தார்கள்.

மறுநாள் காலையில் என் மகளின் பழைய சட்டைகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு போனேன். எனக்கு முன்பே ஊர்ச் சனம் அங்கே நின்றது. சோற்றுப் பார்சல், பால்மா, பிஸ்கட் என்று கைநிறையக் கொண்டுவந்திருந்தார்கள். உள்ளே விடவில்லை, பையை வாங்கிக்கொண்டார்கள். கேற்றுக் கம்பி வழியாக ஒரு பெண்பிள்ளையைப் பார்த்தேன். ஆறு ஏழு வயதிருக்கும். வெயிலிலும் உப்பிலும் தோல் உரிந்த கன்னம். நான் கையசைத்தேன், அவளும் அசைத்தாள். அவள் பேசும் மொழி அங்கே நின்ற யாருக்கும் தெரியாது. இரண்டு மூன்று நாட்களில் அவர்களை முல்லைத்தீவுப் பக்கம், கேப்பாப்புலவு விமானப்படை முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

வீட்டுக்கு வந்தும் ஒரே கேள்விதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளையின் பெயரை யார் எழுதியிருப்பார்கள்? அவள் சொன்னபடி எழுதியிருப்பார்களா, காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்களா?

இந்தக் கேள்வி ஏன் எனக்கு இவ்வளவு பெரிதாகப் படுகிறது என்பதைச் சொல்ல 1990க்குப் போக வேண்டும்.

எங்கள் ஊர் திருகோணமலைக்குப் பக்கத்துச் சாம்பல்தீவு. ஜூன் மாதத்தில் இராணுவத்துக்கும் புலிகளுக்கும் சண்டை தொடங்கியபோது எனக்கு எட்டு வயது. ஊரே வடக்கு நோக்கி நடந்தது. குச்சவெளி தாண்டும்வரை அப்பாவும் எங்களோடு வந்தார். மாடுகள் கட்டினபடியே நிற்கின்றன, அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று திரும்பிப் போனார். வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

அம்மா, நான், தம்பி மூவரும் நடந்தும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறியும் மடு மாதா கோயிலைப் போய்ச் சேர்ந்தோம். நாங்கள் சைவர்கள். அம்மாவுக்கு மடு என்றால் ஆடி மாதத் திருவிழாவுக்கு வேதக்காரர் போகிற இடம் என்பது மட்டும்தான் தெரியும். அந்த வருடம் கோயிலைச் சுற்றிய காடு முழுவதும் சேலை கட்டி மறைத்த குடும்பங்கள். ஆர் என்ன சமயம் என்று கேட்டவர் இல்லை. அப்புறம் மன்னார்க் கரையிலிருந்து ஒரு இரவு வள்ளம். விடியும்போது மணல்திட்டு, பிறகு ராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம்.

மண்டபம் முகாம் வெள்ளைக்காரன் காலத்தில் கட்டப்பட்டது. இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் கூலிகளை நோய்த்தடுப்புக்காக அங்கேதான் நிறுத்தி வைத்தார்களாம். அந்தப் பக்கம் போனவர்கள் நின்ற அதே இடத்தில் இந்தப் பக்கம் வந்த நாங்கள் வரிசையில் நின்றோம். மேசையில் இருந்தவர் அம்மாவிடம் கணவன் பெயர் கேட்டார். "கணபதிப்பிள்ளை" என்றாள். அவர் 'கணபதி' என்று எழுதினார். அந்த ஊரில் பிள்ளை என்பது சாதிப் பட்டம், அதை அகதி அட்டையில் எழுதத் தேவையில்லை என்று நினைத்திருப்பார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் கணபதிப்பிள்ளை என்பது ஒரே பெயர். அதை இரண்டாக வெட்ட முடியாது. அம்மா எதுவும் சொல்லவில்லை. சொல்கிற நிலையில் அவள் இருக்கவில்லை.

எங்களை மதுரைப் பக்கம் ஒரு முகாமுக்கு அனுப்பினார்கள். பத்துக்குப் பத்தடி வீடு. அங்கேதான் சிஸ்டர் வந்தார். கத்தோலிக்கத் துறவற சபையான இயேசு சபையின் அகதிகள் பணியோடு சேர்ந்து வேலை செய்த ஒரு தமிழ்நாட்டுக் கன்னியாஸ்திரி. பெயரை எழுத மாட்டேன், அவருக்கு அது பிடிக்காது. சைக்கிளில் வருவார். மாலை நேர வகுப்பு நடத்தப் போகிறேன் என்று சொல்லிவிட்டு முதல் வாரம் பாடமே எடுக்கவில்லை. வீடு வீடாகப் போய் வாசலில் உட்கார்ந்து, மாட்டுத்தாள் அட்டை போட்ட ஒரு தடித்த நோட்டில் பெயர் எழுதினார்.

எங்கள் வீட்டுக்கு வந்தபோதும் அப்பாவின் பெயர் கேட்டார். அம்மா சொன்னாள். சிஸ்டர் பேனாவை நிறுத்திவிட்டு, "அட்டையில கணபதின்னு இருக்கேம்மா. பிள்ளைங்கறது உங்க சாதிப் பேரா?" என்றார்.

"இல்லை சிஸ்டர். அவருக்கு வைச்ச பெயரே அதுதான். முழுசா அதுதான்."

"அப்ப முழுசாவே எழுதிக்கிறேன்."

அன்றைக்குத்தான், ஊரை விட்டு வந்தபிறகு முதன்முறையாக, அம்மா அழுதாள். சிஸ்டர் எழுந்து போகவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. இருட்டும்வரை அப்படியே பக்கத்தில் இருந்தார். பிறகு நான் எப்போது பிறந்தேன் என்று கேட்டார். அம்மாவுக்கு இங்கிலீஷ் திகதி தெரியாது. "பங்குனி உத்தரத்துக்கு மறுநாள், விடியக்கிடையில, பெரியாஸ்பத்திரியில" என்றாள். அதையும் சொன்னபடியே எழுதிக்கொண்டார்.

1991 மே 21இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு எல்லாம் மாறியது. முகாமுக்குள் தொண்டு அமைப்புகள் வருவதற்குத் தடை. எங்களை ஊர்க்காரர் பார்க்கும் பார்வையும் வேறாகிவிட்டது. சிஸ்டர் வருவதை நிறுத்தவில்லை. முகாம் வாசலுக்கு வெளியே, ரோட்டின் மறுபக்கம் ஒரு புளியமரம் நின்றது. சாயந்தரம் ஐந்து மணிக்கு அதன் கீழ் வந்து உட்காருவார். பாடம் நடத்த அனுமதி இல்லை என்றால் நடத்தமாட்டார். தண்ணீர் எடுக்கவோ கடைக்கோ போகும் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வாய்ப்பாடு எதுவரை வந்தது என்று கேட்பார். சில நாள் யாருமே வெளியே வராமல், ஒரு மணி நேரம் தனியே இருந்துவிட்டுச் சைக்கிளில் போவதை வேலிக்குள்ளிருந்து பார்த்திருக்கிறேன்.

மதம் மாற்றத்தான் வருகிறார் என்று முகாமில் ஒரு பேச்சு இருந்தது. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் அப்படிச் செய்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ஞாயிறு கூட்டத்துக்கு வந்தால்தான் அரிசி என்று சொன்ன ஒரு கூட்டம் பிற்காலத்தில் வந்தது. பசித்தவனிடம் அப்படிப் பேசுவது பெரிய பாவம் என்று இன்றும் நினைக்கிறேன். சிஸ்டர் எங்களிடம் சமயம் பேசியதே இல்லை. வெள்ளிக்கிழமை அம்மா விரதம் என்று தெரிந்தால் அன்றைக்குத் தேத்தண்ணி மட்டும் குடிப்பார்.

பல வருடம் கழித்து, கல்லூரியில் படிக்கும்போதுதான், சிஸ்டர் சேர்ந்து வேலை செய்த அந்த அகதிகள் பணி எங்கிருந்து வந்தது என்பதைத் தேடிப் படித்தேன். அதைத் தொடங்கியவர் பெத்ரோ அருப்பே என்ற, ஸ்பெயினின் பாஸ்க் நாட்டுக்காரர். மருத்துவம் படித்தவர், அதை விட்டு இயேசு சபைக்குப் போனவர். 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவின் புறநகரில் சபையில் புதிதாகச் சேர்ந்து பயிலும் நவசந்நியாசிகளுக்குப் பொறுப்பாக இருந்தார். குண்டு விழுந்ததும் அவர்களின் இல்லத்தையே ஆஸ்பத்திரியாக்கி, கையிலிருந்த கொஞ்ச மருந்தோடு வைத்தியம் பார்த்தார். பிறகு சபையின் உலகத் தலைவரானார். 1979இன் முடிவில், வியட்நாமிலிருந்து படகுகளில் தப்பி வந்த மக்கள் தென்சீனக் கடலில் தத்தளிப்பதைக் கேட்டு, உங்களால் என்ன செய்ய முடியும் என்று பல நாடுகளிலுள்ள சபையின் மாகாணத் தலைவர்களுக்குத் தந்தி அடித்தார். பதில்கள் வந்து குவிந்தன. 1980 நவம்பர் 14, தன்னுடைய பிறந்தநாளில், அகதிகள் பணியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் தாய்லாந்தில் அகதிகளோடு வேலை செய்பவர்களைச் சந்தித்து, நிறையச் செபியுங்கள் என்று கேட்டுக்கொண்டார். ரோமுக்குத் திரும்பி இறங்கியபோது பக்கவாதம் தாக்கியது. அதன் பிறகு 1991இல் இறக்கும்வரை அவரால் சரியாகப் பேச முடியவில்லை.

அவர்கள் தங்கள் வேலையை மூன்று சொற்களில் சொல்வார்கள்: உடனிருத்தல், பணியாற்றுதல், உரிமைக்காகப் பேசுதல். நடுவில் உள்ளதை எல்லா அமைப்பும் செய்யும், அதற்குக் காசு கிடைக்கும், படமும் எடுக்கலாம். முதலாவதுதான் கஷ்டம் என்று நினைக்கிறேன். புளியமரத்தடியில் தனியே கழிந்த ஒரு மணி நேரத்தை எந்த அறிக்கையில் எழுதுவது?

அருப்பேயின் கதையில் வரும் கடல் எங்களுக்கும் தூரமில்லை. 2022இல் நாடு பொருளாதாரத்தில் விழுந்தபோது இந்தக் கரையிலிருந்தும் அவுஸ்திரேலியாவுக்கென்று படகுகள் புறப்பட்டன, பலவற்றைக் கடற்படை மடக்கியது. அந்த நவம்பரில் இலங்கையர் 303 பேரோடு தென்சீனக் கடலில் மூழ்கத் தொடங்கிய கப்பலொன்றிலிருந்து ஒரு ஜப்பானியக் கப்பல் ஆட்களை மீட்டது. கொண்டுபோய் இறக்கிய இடம் வியட்நாமின் வுங் தாவ். நாற்பது வருடங்களுக்கு முன் வியட்நாம் மக்கள் படகேறிய கரைகளில் அதுவும் ஒன்று. செய்தியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இலங்கையின் கிழக்கில் இயேசு சபையின் வேலை இன்னும் பழையது. பிரெஞ்சு இயேசு சபையினர் 1895இல் வந்தார்கள். திருகோணமலையின் முதல் ஆயர் சார்ல்ஸ் லவீன் அவர்களில் ஒருவர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவின் லூசியானாப் பக்கத்திலிருந்து இளம் குருமார் வந்தார்கள். அப்படி 1948இல் வந்தவர்தான் யூஜின் ஹீபர்ட் பாதர். கிழக்கில் கூடைப்பந்து விளையாடிய பழைய தலைமுறையிடம் அவர் பெயரைச் சொன்னால் முகம் மலரும். 1990 ஆகஸ்ட் 15, மாதாவின் விண்ணேற்புத் திருநாள். அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஸ்கூட்டரில் புறப்பட்டார். துணைக்கு ஒரு தமிழ்ப் பெடியன். இருவரும் போய்ச் சேரவில்லை. என் அப்பா மாடு அவிழ்க்கப் போய் இரண்டு மாதங்கூட ஆகியிருக்கவில்லை. அமெரிக்கக் குருவும் காணாமல் போகக்கூடிய காலத்தில் சாம்பல்தீவின் ஒரு விவசாயியை யார் தேடியிருக்க முடியும் என்று அம்மா ஒரு தடவை கேட்டாள். அது அவளுக்கு ஆறுதலா வேதனையா என்று எனக்குப் பிடிபடவில்லை.

அவரோடு அதே ஆண்டில் வந்த ஹரி மில்லர் பாதர் மட்டக்களப்பில் தங்கி, காணாமல் போனவர்களின் விபரங்களைக் குடும்பங்களிடம் கேட்டுக் கேட்டு எழுதி வைத்தார். அறுபது வருடங்களுக்கு மேல் இந்த மண்ணில் இருந்தார். அந்த வேலைக்கு இறையியல் புத்தகத்தில் என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டு வாசலில் சிஸ்டர் செய்ததும் அதே வேலைதான்.

2010இல் ஊர் திரும்பினோம். சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானம், அங்கிருந்து இரவு பஸ். சாம்பல்தீவில் எங்கள் வளவு காடாகிக் கிடந்தது. அம்மா முதலில் போய் மாடு கட்டிய இடத்தைப் பார்த்தாள்.

அடையாள அட்டை எடுக்கப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். பதிவு இலக்கம் கையில் இல்லை, துண்டுகள் எல்லாம் வழியில் போய்விட்டன. ஒரு அலுவலகத்தில் என் இந்திய அட்டையைப் பார்த்துவிட்டு, இதில் தகப்பன் கணபதி, நீ சொல்வது கணபதிப்பிள்ளை, இரண்டும் வேறு ஆள் என்றார் ஒருவர். மூன்று தடவை அலைந்தேன். தேடுவதற்கு விண்ணப்பம் போடலாம், ஆனால் திகதியைக் கிட்டத்தட்டவாவது சொல்ல வேண்டும். முகாமில் என் பிறந்தநாளை ஜூன் 1 என்று போட்டிருந்தார்கள். திகதி தெரியாத பிள்ளைகள் எல்லோருக்கும் ஜூன் 1தான்.

சிஸ்டருக்குக் கடிதம் எழுதினேன். அப்போது அவர் திண்டுக்கல் பக்கம் ஒரு மடத்தில் ஓய்வாக இருந்தார், கண் சரியாகத் தெரியாது. மூன்று கிழமையில் ஒரு கவர் வந்தது. நோட்டின் அந்தப் பக்கத்தின் போட்டோப் பிரதி. இருபது வருடம் அதை வைத்திருந்திருக்கிறார். என் பெயர், ஊர், அப்பாவின் முழுப் பெயர். கீழே, 'அம்மா சொன்னது: பங்குனி உத்தரத்துக்கு மறுநாள், விடியற்காலை, பெரியாஸ்பத்திரி'. 1982ஆம் ஆண்டுப் பஞ்சாங்கத்தைப் பார்த்துத் திகதி கண்டுபிடித்தோம். அதைச் சொல்லித் தேடியதும் பதிவு கிடைத்தது. பெயர் வேறுபாட்டுக்கு சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக்கடதாசி. அவ்வளவுதான். நான் இந்த நாட்டின் பிரசையானேன்.

நான் பிறந்த அதே 1982இல்தான் பர்மாவில் ஒரு குடியுரிமைச் சட்டம் வந்தது, ரோஹிங்கியா மக்கள் நாடற்றவர்களானது அதனால்தான். பள்ளிக்கூடக் கேற்றுக்குப் பின்னால் நின்ற பிள்ளைக்குத் தேடிப் பார்க்க ஒரு பதிவேடே எங்கும் இல்லை. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இலங்கையும் கையெழுத்திடவில்லை, இந்தியாவும் இடவில்லை. இரண்டு கரையிலும் அகதிக்குக் கிடைப்பது சட்டத்தால் வருவதல்ல, பெரும்பாலும் மனிதர்களின் மனதைப் பொறுத்து வருவது.

ஒரு எழுத்து, ஒரு ஆண்டு பிழைத்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் மாவட்டம் ஒரு பெரிய விலை கொடுத்திருக்கிறது. குடாவுக்கு அந்தப் பக்கம் மூதூர். ரிசானா நபீக் 2005இல் சவூதிக்குப் பணிப்பெண்ணாகப் போனபோது கடவுச்சீட்டில் பிறந்த ஆண்டு 1982 என்றிருந்தது. பிறப்புச் சான்றிதழில் இருந்தது 1988. பதினேழு வயதுப் பிள்ளையை வளர்ந்தவள் என்று எழுதி அனுப்பினார்கள். பொறுப்பிலிருந்த குழந்தை இறந்ததற்காக மரண தண்டனை விதித்து, 2013 ஜனவரி 9 அன்று நிறைவேற்றினார்கள். போர் மட்டும்தான் ஆட்களை ஊரை விட்டுத் துரத்துகிறது என்று நாங்கள் நினைத்துக்கொள்கிறோம். இத்தாலியில் பியாச்சென்சா மறைமாவட்ட ஆயர் ஸ்கலப்ரீனி மிலான் ரயில் நிலையத்தில் கண்டதும் போரைக் கண்டு ஓடியவர்களை அல்ல. வறுமையால் அமெரிக்கா போகக் காத்திருந்த தன் நாட்டு ஏழைகளை. அவர்களோடு கப்பலேறிப் போவதற்கென்றே 1887இல் ஒரு துறவற சபை தொடங்கினார். 2022 அக்டோபரில் அவரைப் புனிதராக அறிவித்தார்கள். திருகோணமலை பஸ் நிலையத்தில் இரவு கொழும்பு பஸ்ஸுக்கு சூட்கேசோடு நிற்கும் பெண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மிலான் ஞாபகம் வரும்.

ஊர் திரும்பிய புதிதில் கிளிவெட்டி முகாமுக்கு ஒருமுறை போனேன். 2006இல் சம்பூரிலிருந்து துரத்தப்பட்ட சனம். தகரக் கூரை, தண்ணீர் வரிசை, பழகிய அதே மணம். நான் கடல் தாண்டி அகதியாக இருந்தேன், இவர்கள் சொந்த மாவட்டத்துக்குள், சொந்தக் கிணற்றிலிருந்து சில மைல் தூரத்தில் அகதியாக இருந்தார்கள். மறைமாவட்டத்தின் சமூக சேவை அமைப்பான எகெட் கரித்தாஸ் ஆட்களை அந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். 2016 வரை, பத்து வருடம் இழுத்தது அந்த இருப்பு. நிவாரணம் வருவதும் குறைந்து, கமராக்காரரும் வராமல் போன பிறகு யார் வந்தார்கள் என்பதைச் சனம் நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறது.

இப்போது சனிக்கிழமைகளில் நகரிலுள்ள ஒரு பங்கு மனையின் பின் அறையில் உட்காருகிறேன். பாதர் அறையும் மேசையும் தந்தார். இந்தியாவிலிருந்து திரும்புகிறவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பதுதான் வேலை. முகாமில் பிறந்த பிள்ளைகளுக்குச் சென்னையிலுள்ள துணை உயர் ஸ்தானிகராலயத்தின் பதிவு வேண்டும், அது இல்லாமல் வருகிறவர்கள் நிறைய. சிலருக்கு இங்கே ஆலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடு உதவுகிறது. அரச பதிவு அழிந்த இடத்தில், கறையான் விட்டுவைத்த அந்தப் பெரிய புத்தகத்தில் பாட்டனின் பெயர் அழகான கையெழுத்தில் இருக்கும். சைவ வீடென்றால் ஜாதகக் கொப்பி. முஸ்லிம் சகோதரிகளும் வருவார்கள், வெளிநாடு போகும் முன் ஒப்பந்தத்தை வாசித்துக் காட்டச் சொல்லி. கடவுச்சீட்டிலுள்ள வயதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

போன சனிக்கிழமை ஒரு தாயும் மகனும் வந்தார்கள். பையனுக்குப் பதினான்கு வயது. திருவள்ளூர்ப் பக்கம் ஒரு முகாமில் பிறந்து வளர்ந்தவன், பேச்செல்லாம் அந்த ஊர்ப் பேச்சு. தகப்பன் அங்கேயே இறந்துவிட்டாராம். தாய் களைத்துப்போய் இருந்தாள், கேட்டதற்குப் பதில் மெதுவாகத்தான் வந்தது. அதனால் பையனையே எழுதச் சொல்லி நோட்டை அவன் பக்கம் திருப்பினேன். தன் பெயரை எழுதினான், ஊர் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தாயைப் பார்த்தான், அவள் "நிலாவெளி" என்றாள். அதையும் எழுதினான். தகப்பன் பெயருக்கு வந்ததும் நிறுத்திவிட்டு அட்டையை எடுத்தான்.

"ஆன்ட்டி, அப்பா பேரு அட்டையில செல்வன்னு இருக்கு. பாட்டி செல்வநாயகம்னு சொல்லும். எதை எழுதட்டும்?"

தாய் நிமிர்ந்தாள். "செல்வநாயகம்" என்றாள்.

அவன் 'நா'வுக்கு எந்த 'ந' என்று கேட்டான். நான் சொன்னேன். நாக்கை உதட்டில் கடித்துக்கொண்டு, எழுத்தெழுத்தாக எழுதினான்.